கொக்கலயிலிருந்து பேர்த்துக்கு 28 மணித்தியாலம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீடுகள் குறைவு. யாராவது பயணம் புறப்பட்டால் பெரியவர்கள் கேட்பது "எத்தனை மணித்தியாலம்?" என்றுதான். எத்தனை கிலோமீற்றர் என்று யாரும் கேட்பதில்லை. அதுவும் சரிதான். தூரம் அப்படியே இருக்கும்; நேரம்தான் மாறும். எவ்வளவு மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் குண்டு விழுந்தது. அவுஸ்திரேலியாவையும் பிரித்தானியாவையும் இணைத்த விமானப் பாதை அறுந்துபோனது. அதை மறுபடியும் இணைப்பதற்காக 1943 இல் குவாண்டாஸ் நிறுவனம், காலிக்கு அப்பாலுள்ள கொக்கல வாவிக்கும் பேர்த் நகருக்கும் இடையே கட்டலினா என்னும் நீரில் இறங்கும் விமானங்களை ஓட்டியது. தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர்.

கட்டலினாவின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். வகுத்துப் பாருங்கள், 28 மணித்தியாலத்துக்குச் சற்று மேல் வரும். ஒரு நாளைவிட நீண்ட பயணமாகையால் பயணிகள் ஆகாயத்திலேயே இரண்டு முறை சூரிய உதயம் கண்டார்கள். 'இரட்டைச் சூரிய உதய இரகசியச் சங்கம்' என்ற பெயரில் அவர்களுக்குச் சான்றிதழும் கொடுக்கப்பட்டது! இவ்வளவு தூரம் பறக்க எரிபொருள் நிறைய வேண்டும். ஆகவே மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும் மட்டுமே ஏற்றலாம்.

எதிரியின் காதில் விழக்கூடாது என்று வானொலியை மௌனமாக வைத்தார்கள். ஆபத்தான பகுதியை இருட்டில் கடந்தார்கள். வழிகாட்டியவை நட்சத்திரங்கள். ஐந்து விமானங்களுக்கும் அவற்றின் பெயர்களே: அல்டெயார், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைக்கா. முதல் மூன்றும் அரபு மொழியிலிருந்து வந்தவை. ரைஜல் என்பது 'ரிஜ்ல்', அதாவது கால். ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் காலில் இருக்கும் நட்சத்திரம் அது. இதைப் படித்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி காற்று. மணிக்கு 30 கிலோமீற்றர் எதிர்க்காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டலினாவின் வேகம் 170 ஆகிவிடும். பயணம் 33 மணித்தியாலத்தைத் தாண்டும். ஐந்து மணித்தியாலம் நட்டம். மணிக்கு 900 கிலோமீற்றர் போகும் இன்றைய ஜெட் விமானத்துக்கோ அதே தூரத்தில் அதே காற்றால் 13 நிமிடம்தான் தாமதம். மெதுவாகப் போகிறவரைத்தான் காற்று அதிகம் படுத்தும். அந்தக் காலத்தில் பதிவான மிக நீண்ட பயணம் 32 மணித்தியாலம் 9 நிமிடம். எரிபொருள் போதுமா என்ற கவலையோடு கடைசி மணித்தியாலங்கள் எப்படிக் கழிந்திருக்கும்!

1945 ஜூலை வரை 271 தடவை இக்கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூட வழியில் தொலையவில்லை. 2018 இல் அதே நிறுவனம் பேர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடிச் சேவை தொடங்கியது. சுமார் 14,500 கிலோமீற்றர், 17 மணித்தியாலம்.

கொக்கல வாவியைப் பார்க்க விரும்புவோர் வெள்ளவத்தை வழியே போகும் கரையோர ரயில் பாதையிலேயே போகலாம். அது காலியைத் தாண்டி, கொக்கல ஊடாகத்தான் மாத்தறைக்குப் போகிறது.