லினக்சு பணிமேடைச் சூழல்களும் தமிழாய்வுத் தரவுகளும்: தென்காசி – குற்றாலக் களப்பணி நோக்கில்

லினக்சு என்பது கருநிரல் மட்டுமே. அதனோடு மென்பொருள்களைத் தொகுத்தளிப்பது வழங்கல். திரையில் பயனர் காணும் முகப்பு பணிமேடைச் சூழல். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய ‘பாஸ்’ வழங்கல் 2007இல் வெளிவந்தது.

தென்காசி, குற்றாலப் பகுதிகளில் வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டும் ஆய்வாளரின் மடிக்கணினி பழையதாயின், நோம் சூழலினும் எக்ஸ்எஃப்சிஇ இலகுவாக இயங்கும். கணினியில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கி ஒவ்வொன்றையும் சோதிக்கலாம். அப்போது நோக்கத்தக்கன இரண்டு: தமிழ்99 விசைப்பலகை அமைகிறதா, பழைய கோப்புகளைப் படிக்க இயல்கிறதா என்பன.

ஒருங்குறிப் பனுவல், தமிழ் எழுத்துரு உள்ள எச்சூழலிலும் பிழையின்றித் தோன்றும். பாமினியில் தட்டச்சிட்டதோ, அவ்வெழுத்துரு இல்லாவிடத்து ஆங்கில எழுத்துக் குவியலாகவே காட்சிதரும். ஆகவே, வழங்கலை மாற்றுமுன் தரவை ஒருங்குறிக்கு மாற்றுதல் இன்றியமையாதது. சூழலை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். மறைந்த தகவலாளியின் பாடலை மீண்டும் கேட்டெழுத இயலாது.