காரைத் திறக்கும் ரிமோட்டுக்குள் இத்தனை அதிசயமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறீர்கள். ரிமோட்டை அமுக்கினால் கார் திறக்கவில்லை! உடனே புது ரிமோட் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

நம்மூர்க் கார்கள் பலவற்றின் ரிமோட் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அதாவது நொடிக்கு 43 கோடி தடவைக்கும் மேல் துடிக்கும் அலை! வயர்லெஸ் காலிங் பெல், கேட் ரிமோட் என்று பலதும் இதே அலைவரிசையில்தான். அவற்றில் ஒன்று கோளாறாகி ஓயாமல் அலையைக் கக்கினால், பக்கத்தில் நிற்கும் காரின் ரிசீவருக்கு உங்கள் குரல் கேட்காது. பூந்தமல்லி கடைத்தெருவில் மக்கர் பண்ணும் ரிமோட் வீட்டு வாசலில் ஒழுங்காக வேலை செய்தால், குற்றம் ரிமோட்டில் இல்லை!

இதைவிடப் பெரிய ஆச்சரியம், ஒவ்வொரு அமுக்கலுக்கும் ரகசிய எண் மாறுகிறது என்பது! நேற்றைய எண்ணைத் திருடன் பதிவுசெய்து வைத்திருந்தாலும் இன்று அது செல்லாது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, 1995இல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிய கீலாக் என்ற முறை இதில் பேர்போனது. அதில் ரிசீவர் வழக்கமாக அடுத்த 16 எண்கள் வரை ஏற்றுக்கொள்ளும். குழந்தை வீட்டுக்குள் ரிமோட்டை வைத்து விளையாடி, எண் அதையும் தாண்டி ஓடிவிட்டதா? கார் அருகே நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினால், பெரும்பாலும் ரிமோட்டும் ரிசீவரும் மறுபடி ஒத்துப்போய்விடும். என்ன ஒரு மூளை!

பட்டன் பேட்டரியும் ஏமாற்றும் தெரியுமா? மீட்டரில் 3 வோல்ட் காட்டும். அமுக்கிய கணத்தில் சரிந்துவிடும். அது முழுக்கச் செத்தாலும், இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு உள்ள சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருகினால் இன்ஜின் ஓடும்! சாவிக்குள் இருக்கும் சிப்புக்குப் பேட்டரியே வேண்டாம். துவாரத்தைச் சுற்றியுள்ள சுருளிலிருந்து அது மின்சாரம் வாங்கிக்கொள்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் எஸ்டேட்டை மூழ்கடித்ததே, அப்படித் தண்ணீரில் நனைந்த ரிமோட்டை அமுக்கிப் பார்க்கவே கூடாது. முதலில் பேட்டரியைக் கழற்றி, நன்றாக உலர விடுங்கள். காருக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் ரிசீவரின் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோளாறு எந்தப் பக்கம் என்று ஒரே நிமிடத்தில் கண்டுபிடிக்க வழி உண்டு. இரண்டாவது சாவி திறந்தால் பழுது முதல் ரிமோட்டில். இரண்டுமே திறக்காவிட்டால் கார் பேட்டரி, ஃபியூஸ், ரிசீவர் என்று வரிசையாகத் தேட வேண்டும். பீரோவில் தூங்கும் அந்த இரண்டாவது சாவியை இன்றைக்கே எடுத்து ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்!