எஞ்சினும் எரிபொருள் அளவுக் கருவியும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் உண்பன இரண்டு: ஒன்று காற்று, மற்றொன்று பெட்ரோல். இவ்விரண்டும் தக்க அளவிற் கலந்து எரிந்தாலன்றி வண்டி செவ்வனே ஓடாது. வண்டியைச் செய்தோர் வகுத்த அளவை மாற்றி எஞ்சினின் ஆற்றலைப் பெருக்க விழைவோர் மேனாடுகளிலும் ஜப்பானிலும் பலர். அவர்பொருட்டு வணிகர் பலவகை எரிபொருள் அளவுக் கருவிகளை விற்கின்றனர். அவற்றுள் எது தக்கது என்று துணியும் வகையை இக்கட்டுரையில் ஆராய்வாம். விலை மிக்கதே சிறந்ததென்பதும், எளியதே போதுமென்பதும் பிழை. எஞ்சினிற் செய்யப்பட்ட மாற்றம் யாதோ, அதுவே கருவியைத் தீர்மானித்தல் வேண்டும்.

எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றின் பங்கு 12.5 அல்லது 13 ஆகுமாறு பெட்ரோல் சிறிது மிகுந்து நின்றால், எஞ்சின் தன் பேராற்றலைத் தரும். அதனினும் பெட்ரோல் மிகுந்தால் ஆற்றல் குன்றும், கரி படியும், புகையும் நச்சு மிகும். வண்டி பாரமிழுக்கும்போது பெட்ரோல் குறையுமாயின் கேடு பெரிது. வெப்பம் ஏறி, கலவை முறைதப்பி வெடித்து, பிஸ்டனை உருக்கவும் துளைக்கவும் கூடும். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய எஞ்சின் சிறுபொழுதில் இரும்புக் குப்பையாகிவிடும்.

இவ்வளவைக் காக்கும் பொறுப்பு வண்டியிலுள்ள கம்ப்யூட்டரைச் சார்ந்தது. 1967ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டுப் பாஷ் நிறுவனத்தாரின் மின்முறை, வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் அமைந்து வெளிவந்தது. உறிஞ்சு குழாயின் அழுத்தத்தை ஓர் உணர்கருவி அறிவிக்க, அதற்கேற்ப இஞ்செக்டர் என்னும் பீச்சுகுழல் இத்தனை மில்லி விநாடி திறந்திருக்கவேண்டுமென்று மின்பெட்டி கட்டளையிட்டது. 1976இல் வால்வோ வண்டிகளிற் புகைக்குழாயிற் பிராணவாயுவை அறியும் உணர்கருவியும் சேர்ந்தது. பல வண்டிகளில், சாதாரண ஓட்டத்தின்போது கம்ப்யூட்டர் இவ்வுணர்கருவியின் சொற்கேட்டுத் தன் அளவைத் திருத்திக்கொள்ளும். முழுவேகத்திலோ தன்னுள் எழுதப்பட்ட அட்டவணையையே பின்பற்றும்.

இனி, விற்கப்படும் வழிகள் மூன்று. முதலாவது இடைக்கருவி. இது காற்றை அளக்கும் உணர்கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நின்று, செல்லும் செய்தியைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். ஜப்பானிய நிறுவனமாகிய அபெக்ஸியின் எஸ்.ஏ.எஃப்.சி. என்னும் பெட்டி இவ்வகையிற் பெயர்பெற்றது. விலை குறைவு, பொருத்துதலும் எளிது. ஆயினும் குறை இரண்டுண்டு. சாதாரண ஓட்டத்தில் நாம் செய்த மாற்றத்தைப் பிராணவாயு உணர்கருவியின் சொல்லால் கம்ப்யூட்டர் சிறிது சிறிதாக அழித்துவிடும் என்பது ஒன்று.

மற்றொன்று இதனினும் கொடியது. பெரிய இஞ்செக்டர்களைப் பொருத்திய ஒருவர், பெட்ரோல் மிகாதிருத்தற்பொருட்டுக் காற்றின் செய்தியை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து அனுப்புகின்றார் என்று கொள்வோம். பந்திக்கு வருவோர் தொகையைக் குறைத்துரைத்துச் சோற்றைக் குறைப்பிப்பவர், இலையும் நீரும் உடன் குறைதலைத் தடுக்க இயலாதன்றோ? அவ்வாறே காற்றுக் குறைவென நம்பிய கம்ப்யூட்டர், பெட்ரோலைக் குறைப்பதோடு நில்லாது, மின்பொறி தோன்றும் காலத்தையும் மாற்றிவிடும். குறைந்த கலவை மெல்ல எரியுமாதலால் பொறியை முன்னரே எழுப்பும். உண்மையில் சிலிண்டரில் இருப்பதோ நிறைந்த கலவை. எனவே பொறி பருவத்திற்கு முந்தியதாகி, மேற்கூறிய கேட்டிற்கு வழிதிறக்கும்.

இரண்டாவது, வண்டியிலுள்ள கம்ப்யூட்டரின் அட்டவணையையே திருத்தி எழுதுதல். அமெரிக்கக் காப் நிறுவனத்தாரும் ஆங்கில எக்யூடெக் நிறுவனத்தாரும் இதற்குச் சாதனம் தருகின்றனர். பெட்ரோலையும் பொறிக்காலத்தையும் ஒருங்கே திருத்தலாம், யாரையும் ஏய்க்கவேண்டுவதில்லை, செய்தோர் வைத்த காவல்களும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஆயின், எல்லா வண்டிகளுக்கும் இவ்வசதி வாய்ப்பதில்லை.

மூன்றாவது, பழைய கம்ப்யூட்டரின் தொழிலைத் தானே ஏற்கும் தனிக்கருவி. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக் முதலியன இத்தகையன. 2001இல் பௌலிங், கிரிப்போ என்னும் இருவர் வெளியிட்ட மெகாஸ்குவர்ட், வாங்குவோர் தாமே இணைத்துக்கொள்ளும் பகுதிகளாக மலிவாகக் கிடைத்தது. இதில் உரிமை முழுமை, சுமையும் முழுமை. குளிரில் எஞ்சின் கிளம்புவதும், நின்றநிலையில் அடங்கி ஓடுவதும் உட்பட ஒவ்வொன்றும் நாமே எழுதித் தீரவேண்டும்.

மாஸ்டா நிறுவனத்தார் 1989இல் வெளியிட்ட எம்.எக்ஸ்.5 என்னும் சிறுவண்டியைச் சான்றாகக் காண்போம். அதன் 1.6 லிட்டர் எஞ்சினில், காற்றோட்டம் தள்ளத் திறக்கும் ஒரு மடலே காற்றின் அளவைக் காட்டுவது. காற்றைத் திணிக்கும் டர்போவை அதிற் பொருத்தினால், மடல் முழுதும் திறந்தபின்னரும் காற்று மேன்மேலும் புகும். முற்றத் திறந்த கதவு, அதன்பின் நுழைந்தோர் எத்தனைபேரென்று உரையாது. ஆண்டு அச்செய்தியை மட்டும் திருத்தும் இடைக்கருவி பயன்படாது. அழுத்தத்தை நேரே அளக்கும் தனிக்கருவியே தகும். அதே வண்டியில் காற்று வடியையும் புகைக்குழாயின் பின்பகுதியையும் மட்டும் மாற்றியவர்க்கோ, பொதுவாகப் பழைய கம்ப்யூட்டரே போதும். கருவி வாங்குதல் வீண்செலவு.

வாங்குமுன் அறியவேண்டுவன சில. முதலாவது, இப்போதுள்ள கலவையின் அளவு. பழைய வண்டிகளின் பிராணவாயு உணர்கருவி, கலவை 14.7க்கு இப்பாலோ அப்பாலோ என்று மட்டுமே சொல்லும். எவ்வளவென்று சொல்ல அகல அளவுடைய உணர்கருவி வேண்டும். இரண்டாவது, இஞ்செக்டரின் எல்லை. நிமிஷத்திற்கு 6000 சுற்றில், இருசுற்றுக்குரிய காலம் 20 மில்லி விநாடியே. அதில் 16 மில்லி விநாடி இஞ்செக்டர் திறந்திருப்பின் நூற்றுக்கு எண்பது பங்கு தீர்ந்தது. அதற்குமேல் எக்கருவியும் பெட்ரோலைப் படைத்துத் தராது. மூன்றாவது, அக்கருவியைச் சோதனை மேடையில் அளந்து திருத்தவல்லார் அணித்தே உளரா என்பது. நான்காவது, சட்டம். கலிபோர்னியாவில், புகையின் தன்மையை மாற்றக்கூடிய உறுப்பைச் சாலை வண்டியிற் பொருத்த, அவ்வுறுப்புக்குக் காற்றுவள வாரியத்தாரின் விலக்காணை இருத்தல் வேண்டும். ஒருவர் பெறும் வேகத்தின் நச்சை ஊரார் உயிர்த்தல் முறையன்றே.

ஆதலின், மாற்றத்தை முதலில் வரையறுத்து, அடுத்து அளந்து, அதன்பின் அத்தேவைக்குப் போதுமான மிகச் சிறிய கருவியைத் தெரிந்துகொள்வதே அறிவுடைமை. அளவைக் கருவியை வாங்காது ஆற்றற் கருவியை மட்டும் வாங்குவோன், தன் எஞ்சினின் நோயறியாமல் மருந்தூட்டுபவனே ஆவன்.