யாரும் மீட்டாத சுரம்

திருப்பதிக்கு அருகே ஏர்பேட்டில் ஐஐடி, ஐசர் என இரண்டு பெரிய அறிவியல் வளாகங்கள். அங்கே படிக்கும் ஒரு தமிழ் மாணவி எம்.ஐ.ஏ.வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ (2007) கேட்கிறாள் என்று வையுங்கள். பாடுபவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். பின்னால் சுழலும் இசையோ, லண்டன் பங்க் குழுவான தி கிளாஷ் 1982இல் வெளியிட்ட பாட்டின் துண்டு. அப்படியே பின்னோக்கிப் போனால் 1976: நியூயார்க்கின் ரமோன்ஸ், முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. மொத்தமும் அரை மணிக்குள் முடிந்துவிடும்!

முதலில் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். ஆனால் அது கணக்குப் போட்ட இரைச்சல். பங்க் கிட்டாரின் உயிர் ‘பவர் கார்ட்’. நம் ச-வும் ப-வும் சேர்ந்தது, அவ்வளவுதான். ச நொடிக்கு 110 முறை அதிர்ந்தால் ப ஏறக்குறைய 165 முறை.

இரண்டையும் ஆம்ப்ளிஃபயருக்குள் அது தாங்காத அளவுக்குத் திணிக்கிறார்கள். தாழ்ந்த நிலைவாசலில் தலை இடிப்பதுபோல, மேலெழ இடமில்லாமல் அலையின் உச்சி தட்டையாகிவிடும். இதுதான் அலைமழுங்கல், கிட்டார்க்காரர்கள் ‘டிஸ்டார்ஷன்’ என்பார்கள். மழுங்கிய அலைக்குள் புதுச் சுரங்கள் முளைக்கின்றன: முதலிரண்டின் மடங்குகள், கூட்டல்கள், கழித்தல்கள். 165இல் 110 போனால் 55. ச-வுக்கு ஒரு ஸ்தாயி கீழே, எந்தத் தந்தியும் எழுப்பாத இன்னொரு ச! கூட்டினால் 275, அதுவும் 55இன் மடங்கே.

நடுவில் ‘க’ சேர்த்தால்? கிட்டாரின் மெட்டுகள் வகுத்திருக்கும் கணக்கில் அது 138.6. இப்போது ஒரு கழித்தல் 28ஐத் தாண்டும், இன்னொன்று 26இல் நிற்கும். இரண்டும் உரசிக் கலங்கும். ஆக, பங்க் கலைஞர்கள் எளிமையாக வாசிப்பதைத் திறமைக்குறைவு என்பவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

இன்னொரு வேடிக்கை. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் 55ஐச் சரியாக எழுப்ப முடியாது. ஆனாலும் அந்தக் கீழ்ச் சுரம் கேட்பதுபோல் இருக்கும். மேல்மடங்குகள் வந்தால் போதும். காணாமல்போன அடிச்சுரத்தை மூளையே ஊகித்துக்கொள்கிறது.

இந்த டிஸ்டார்ஷன் உறுமலுக்காக 1964இல் கிங்க்ஸ் குழுவின் கிட்டார்க்காரர் டேவ் டேவிஸ் தன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பையே பிளேடால் கீறினார். நம் தம்புராக்காரர்களுக்கு நூல் துண்டே போதும். குதிரைமேல் தந்திக்கடியில் அதை நகர்த்தினால் ரீங்காரம் கூடும். தந்தியைக் குறிப்பிட்ட இடத்தில் மீட்டினால் சில மேற்சுரங்கள் பிறக்கவே கூடாது என்பது பழைய இயற்பியல் விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்கு அடங்குவதில்லை என்று சி.வி. ராமன் 1921இல் எழுதினார்.