உருக்கு போனது, குழாய் வந்தது

வடகிழக்கு இங்கிலாந்தின் ரெட்கார் கடற்கரையில் அந்த ஊது உலை சரிய சில விநாடிகள்தான் பிடித்தது. 2022 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய உலை. 1932ல் திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலத்தின் பெரும்பகுதி உருக்கு இந்த டீஸ் நதிக்கரையிலிருந்து போனதுதான். இன்று அதே வளாகத்தில் தென் கொரியாவின் சீஆ நிறுவனம் 800 மீட்டர் நீளத்துக்கு ஆலை எழுப்பியிருக்கிறது. கடல் காற்றாலைகளைத் தாங்கும் ராட்சதக் குழாய்கள் செய்ய. குழாய்க்கான தகடுகள் மட்டும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

உள்ளூர்க்காரர்களுக்கு இது கசப்பான வேடிக்கை. இதில் இந்தியப் பெயரும் உண்டு. 2007ல் கோரஸ் நிறுவனத்தை வாங்கிய டாடா ஸ்டீல், முக்கிய வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத்தைக் கைவிட்டதும் 2010 பிப்ரவரியில் ரெட்கார் உலையை நிறுத்தியது. அடுத்த ஆண்டு தாய்லாந்தின் எஸ்.எஸ்.ஐ. வாங்கியது, 2012ல் மீண்டும் நெருப்பு மூட்டியது. உலகச் சந்தையில் உருக்கு விலை சரிய, 2015ல் அதுவும் கைவிட்டது. சுமார் 2,200 பேருக்கு வேலை போயிற்று.

காற்றாலைக்கு எதற்கு இவ்வளவு உருக்கு? கிணற்றுக்குக் குழாய் இறக்குவது போன்ற வேலைதான், அளவு வேறு. கனத்த தகட்டை உருளைகளுக்கிடையே வளைத்து வளையமாக்கி, விளிம்புகளைப் பற்ற வைக்கிறார்கள். வளையங்களை வரிசையாக இணைத்தால் 'மோனோபைல்'. அதைக் கடலடியில் சம்மட்டி இயந்திரத்தால் அடித்து இறக்குவார்கள். சீஆ ஆலை செய்யக்கூடிய மிகப் பெரிய குழாய் 120 மீட்டர் நீளம், 15.5 மீட்டர் விட்டம், 3,000 டன். படுக்க வைத்தாலே ஐந்து மாடி உயரம்.

சூட்சுமம் தகட்டின் அகலத்தில் இருக்கிறது. தகடு எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு வளையங்கள் குறையும். சுற்றுப் பற்றவைப்பும் குறையும், செலவும் குறையும். ஜெர்மனியின் டில்லிங்கர் ஆலை, 1685ல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனம், 600 மில்லிமீட்டர் கனப் பாளங்களை வார்த்து 5 மீட்டருக்கும் அதிக அகலத்தில் உருட்டுகிறது. பிரிட்டனில் அந்த அகலத்துக்கு ஆலை இல்லை. ஸ்காட்லாந்தின் டால்செல் தகட்டு ஆலையையும் டாடா 2016ல் சஞ்சீவ் குப்தாவின் லிபர்ட்டிக்குக் கைமாற்றிவிட்டது.

கைநழுவியது சிறிய வியாபாரம் அல்ல. யார்க்ஷயர் கரையிலிருந்து 130 கிலோமீட்டருக்கு அப்பால் டாகர் பேங்க் கடல் திட்டத்தில் 277 காற்றாலைகள், 3,600 மெகாவாட். முதல் இரு கட்டங்களுக்கான 190 அடித்தளக் குழாய்கள் ஹாலந்தின் சிஃப் நிறுவனத்துக்குப் போயின. ரெட்காரில் உலை எரிந்திருந்தாலும் அந்த ஆர்டர் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே வார்த்தது பாளம்தான். பாளத்தை அகலத் தகடாக்கும் ஆலைக்கு முதலீடு செய்ய ஆள் வரவில்லை.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். குஜராத்தின் ஹசீராவிலும் ஒரிசாவின் அங்குலிலும் 5 மீட்டர் அகலத் தகடு உருட்டும் ஆலைகள் இருக்கின்றன. கடலில்தான் காற்றாலை இல்லை. குஜராத், தமிழகக் கரைகளுக்கு அப்பால் தலா 500 மெகாவாட்டுக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. குஜராத்தில் குறித்திருக்கும் இடம் காம்பே வளைகுடாவில், பிபாவாவ் துறைமுகத்துக்கு அருகே. ஹசீரா அதே வளைகுடாவின் மறு கரையில் இருக்கிறது. அங்கு உருளும் தகடுகள் குழாய் ஆலைகளுக்கும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் போகின்றன.