பனைமட்டைக்குப் பிறகு

யாழ்ப்பாணத் தீவகத்தின் அனலைதீவில் ஒரு தலைமுறைக்கு முன்னர் நாயைப் பழக்குவதற்கென்று யாரும் நேரம் ஒதுக்கியதில்லை. குட்டியொன்று வளவுக்குள் வந்து சேர்ந்தால் சிரட்டையில் கஞ்சி வைப்பார்கள். நிறத்தைப் பார்த்து ஒரு பெயர் கூப்பிடுவார்கள். அது படலையடியில் படுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் அதன் பாடு. குசினி வாசலைத் தாண்டினால் பனைமட்டையால் ஒன்று விழும். கருவாடு காயப்போட்ட பாயில் வாய் வைத்தால் இரண்டு. கோழிக்குஞ்சைப் பிடித்துவிட்டால் அன்று முழுவதும் வேலிக்கு வெளியேதான்.

அந்த நாய்கள் மந்தமாக வளர்ந்துவிடவில்லை. புகையிலைத் தோட்டத்துக்குள் ஆடு இறங்கினால் கலைத்தன. காலடிச் சத்தத்தை வைத்தே ஊரார் யார், புது ஆள் யார் என்று பிரித்தறிந்தன. இவற்றை யாரும் அடித்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. மனிதரோடு கூட இருந்து, பார்த்துப் படித்தவை அவை. மட்டை சொல்லிக்கொடுத்தது ஒன்றைத்தான்: கை உயர்ந்தால் ஓடு. வீதியில் ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாலே, கல்லெடுக்கிறார் என்று நினைத்துத் தூரப் போய் நின்ற நாய்கள் எத்தனை! எசமான் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டே எட்டாத தூரத்தில் நிற்கும். பிடிபடாமல் இருப்பதை நாமே அவற்றுக்குப் பழக்கியிருந்தோம்.

இது வெறும் இரக்கத்தோடு முடிகிற விடயமில்லை. விசர்நாய்க்கடி இந்த நாட்டை நெடுங்காலம் வாட்டியது. அதற்கென்று 1893ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் அந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலை பரவிய பிறகு, அண்மைக் காலத்தில் அந்தத் தொகை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே வந்திருக்கிறது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் பழைய முறையை அரசு 2006இல் கைவிட்டது. இப்போது மிஞ்சியிருக்கும் வழி இரண்டுதான்: தடுப்பூசி, கருத்தடை. இரண்டுக்கும் நாய் மனிதரின் கைக்கு வரவேண்டும். பெருநிலத்தில் இன்று தப்பிய நாயை நாளைக்குப் பிடிக்கலாம். அனலைதீவுக்கு வருகிறவர்கள் படகில் வந்து படகில் திரும்புகிறவர்கள். அவர்கள் நிற்கிற நேரத்துக்குள் அகப்படாத நாய் ஊசியில்லாமலே மிஞ்சிவிடும்.

இடையில் யுத்தம் வந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்திலிருந்து சனம் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, படகுகளில் மனிதருக்கே இடம் போதவில்லை. நாய்கள் கரையில் நின்றன. அந்த நினைவு இன்னும் பலருக்குப் பேசச் சுகமில்லாதது.

இன்று அதே ஊரில், எங்கள் பக்கத்து வளவில் ஒரு பெண்பிள்ளை கையில் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியொன்று வைத்திருக்கிறாள். ரொறன்ரோவிலிருந்து மாமி அனுப்பியது. உள்ளே ஒரு தகரத் தகடு. அமத்தினால் ‘டிக்’. அதுதான் கிளிக்கர்.

அவள் செய்வதைக் கிட்ட நின்று பார்த்தேன். அவித்த சூடை மீனை முள் நீக்கி, நகத்தளவு துண்டுகளாகப் பிய்த்து, மூடி போட்ட ரின்னுக்குள் வைத்திருந்தாள். முதலில் வேலை ஒன்றும் கிடையாது: ஒரு டிக், உடனே ஒரு துண்டு. திரும்பத் திரும்ப அவ்வளவுதான். கொஞ்சத்தில் ‘டிக்’ கேட்டதும் அவளுடைய நாய் கறுப்பனின் காது நிமிர்ந்தது, கண் அவள் கைக்குப் போனது. அதற்குப் பிறகுதான் பாடம். கறுப்பன் தள்ளி நின்று பார்த்தது. அவள் பக்கம் தலை திரும்பிய கணத்தில் டிக், துண்டு எறி. ஓரடி கிட்ட வைத்ததும் டிக். நடுவில் தலையைத் தடவக் கையை மேலே கொண்டுபோனாள். நாய் முதுகைக் கூனிக்கொண்டு பின்வாங்கியது. உடனே கையை இறக்கி, நாடிக்குக் கீழே விரலைக் கொண்டுபோனாள். விரல் பட்டது, நாய் அசையவில்லை, டிக். அத்தோடு அன்றைக்கு நிறுத்திவிட்டாள்.

திண்ணையிலிருந்த ஆச்சிக்குச் சந்தேகம். “பிள்ளை, சாப்பாட்டைக் காட்டிக் கூப்பிட்டா, சாப்பாடில்லாத நாளிலை வருமோ?”

“காட்டிக் கூப்பிடேல்லை ஆச்சி. வந்தாப் பிறகுதான் குடுக்கிறன்.”

இந்த முறையின் உயிரே அந்தப் பதிலில் இருக்கிறது. முன்கூட்டிக் காட்டினால் அது லஞ்சம். நாய் உணவைப் பார்க்குமே தவிர, தான் செய்வதைக் கவனிக்காது. செய்தபின் கொடுத்தால், தன் செயல்தான் பலனைக் கொண்டுவந்தது என்று நாய்க்குப் புரியும். நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு தடவையும் தீனி கொடுக்கத் தேவையில்லை. இடைக்கிடை கிடைத்தாலே பழக்கம் நிலைக்கும். ஆனால் ஒரு விதியை மாற்றக் கூடாது: டிக் என்று கேட்டால் துண்டு வரவேண்டும். கை தவறி அமத்தினாலும் கொடுத்தே ஆகவேண்டும்.

‘டிக்’ எதற்கு, வாயால் சொன்னால் போதாதா? மீனை எடுத்து நீட்டுவதற்குள் நாய் எழுந்துவிடும், குரைத்துவிடும். எதற்குப் பரிசு என்று அதற்குக் குழப்பம் வரும். கூர்மையான அந்தச் சத்தம் சரியான கணத்தைக் குறித்துவிடுகிறது. நம் குரல் கோபத்தில் ஒன்றாகவும் களைப்பில் ஒன்றாகவும் மாறும். தகரம் மாறாது.

அமெரிக்க உளவியலாளர் பி. எப். ஸ்கின்னர், 1951 டிசம்பரில் சயன்ரிபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரையில், சிறுவர்களின் தகர விளையாட்டுப் பொருளொன்றை இதற்குப் பயன்படுத்தலாம் என்று சொன்னார். அவரிடம் படித்த கெல்லர் பிரீலண்டும் மரியன் பிரீலண்டும் 1940களிலேயே இந்த வழியில் விலங்கு பழக்கும் நிறுவனமொன்றை நடத்தினார்கள். ஆனாலும் நாய் வளர்க்கும் சாதாரண வீடுகளுக்கு அது வர நாள் எடுத்தது. வழி திறந்தவர்களில் முக்கியமானவர் கரென் பிரையர். அவர் 1960களில் ஹவாயில் டொல்பின் பழக்கியவர். டொல்பினுக்குச் சங்கிலி போட முடியாது, அடிக்கவும் முடியாது. பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடும். விசில் ஊதி மீன் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே கற்றதை 1984இல் ‘டோன்ட் ஷூட் த டோக்’ என்ற புத்தகமாக எழுதினார். கடலில் கற்ற பாடம் தரைக்கு ஏறிய இந்தக் கதை, தீவுக்காரனான எனக்கு மிகவும் பிடித்தது.

பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களை, எங்கள் ஊருக்குக் கிளிக்கர் வருவதற்கு முன்னரே வடக்கு கண்டிருக்கிறது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு நாய்களும் வந்தன. மார்ஷல் லெகசி இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க அமைப்பு இலங்கை இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவுக்கு அப்படிப்பட்ட நாய்களை வழங்கியது. வெடிமருந்து மணம் பிடித்தால் அந்த நாய் அந்த இடத்தில் உட்காரும். கூலியாகப் பந்தோ விளையாட்டோ கிடைக்கும். அடிக்குப் பயந்த நாயை நம்பி யார் அந்த நிலத்தில் கால் வைப்பார்கள்? பிழைவிட்டால் அடி விழும் என்று தயங்குகிற நாய் உட்கார வேண்டிய இடத்திலும் உட்காராது.

இன்றைய எல்லாமே நல்லதென்று சொல்ல நான் தயாரில்லை. அன்றைய நாய்க்கு அடி விழுந்தது, ஆனால் ஊர் முழுக்க அதன் வளவாக இருந்தது. மத்தியானம் ஒரு வீட்டில் சோறு, பின்னேரம் கரையில் மீன்குடல். இன்று கிடுகு வேலி போய் மதில் வந்திருக்கிறது. பிள்ளைகள் கனடாவில், வீட்டைப் பார்க்க ஒருவர், முற்றத்தில் சங்கிலியில் நாய். நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கிற நாய் குரைக்கத்தான் செய்யும், பாயத்தான் செய்யும். கிளிக்கர் வாங்கிய வீட்டிலும் சங்கிலி அவிழாவிட்டால் அந்த நாய்க்கு வாழ்க்கை மாறியதாக நான் கொள்ளமாட்டேன்.

கனடாவிலிருந்து பெட்டி வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம். அமத்தி எழுதும் பேனை போதும். நாக்கை அண்ணத்தில் தட்டி ஒரே மாதிரிச் சத்தம் எழுப்பினாலும் போதும். சத்தத்துக்குப் பயப்படுகிற நாயென்றால் பேனையைத் துணியில் சுற்றிக்கொள்ளலாம். ஊசி போட வருகிற நாள் அறிவித்ததும் தொடங்குங்கள். முதலில் நாடி, பிறகு காது, பிறகு தோள். கடைசியாகப் பிடரித் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி ஒரு டிக், ஒரு துண்டு மீன். நாய் விலகினால் ஒரு படி பின்னால் போங்கள். பொல்லை எடுக்க வேண்டாம். அறிமுகமில்லாத ஆளும் இதைச் செய்து பார்க்கட்டும், ஏனென்றால் ஊசியோடு வருகிறவர் வீட்டு ஆள் அல்ல.