உங்களுக்குத் தெரியுமா? ஓட்டு தொண்டருக்கு, வாசல் மாவட்டச் செயலாளருக்கு

அ.தி.மு.க.வின் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. அதன்படி போடி பக்கத்து ராசிங்காபுரத்தில் கட்சி அட்டை வைத்திருக்கும் ஏலத்தோட்டக் கூலிக்காரருக்கும் முன்னாள் அமைச்சருக்கும் தலைக்கு ஒரே ஓட்டுதான்.

ஆனால் யார் போட்டியிடலாம்? 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் கூடிய பொதுக்குழு அதற்கு வேலி போட்டது. போட்டியிடுபவரைப் 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், வேறு 10 பேர் வழிமொழிய வேண்டும். தலைமைக் கழக நிர்வாகியாக 5 ஆண்டுகள் இருந்திருக்கவும் வேண்டும். 2011, 2016, 2021 என மூன்று முறை போடியில் வென்ற ஓ. பன்னீர்செல்வம் அதே கூட்டத்தில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த முன்மொழிவு விதியை எதிர்த்து அவர் தரப்பு நீதிமன்றம் போனது.

2023 மார்ச்சில் தேர்தல் அறிவிப்பு வந்தது. எடப்பாடி பழனிசாமியைத் தவிர யாருக்காகவும் வேட்புமனு வரவில்லை. மார்ச் 26-ல் நடக்கவிருந்த வாக்குப்பதிவுக்கே வேலையில்லாமல் போனது. சென்னை உயர் நீதிமன்றம் பன்னீர்செல்வம் தரப்பின் மனுக்களைத் தள்ளுபடி செய்ததும், மார்ச் 28-ல் அவர் பொதுச்செயலாளர் ஆனார். ஓட்டுரிமை தொண்டரிடம் அப்படியே இருந்தது. அதைப் பயன்படுத்த வாய்ப்புதான் வரவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

அமெரிக்காவில் 2016-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்களும் இதே ஆதங்கத்தைத்தான் சொன்னார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் கட்சிப் பெரியவர்கள் யாரை வேண்டுமானாலும் ஆதரிக்கலாம் என்றிருந்தது. 2018-ல் அந்தக் கட்சி விதியைத் திருத்தியது: போட்டி இழுபறியாக இருந்தால், முதல் சுற்றில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது.